கேட்காமல் சொன்ன பதில்

கச்சிராயபாளையம்
13.6.2004

என் பாப்பாத்திக்கு,

அக்கா அமிர்தம் எழுதிக்கொண்டது. இங்கே உன் மாமாவும் என் மகள் செல்வியும் உன் மகள் மீனாவும் நானும் நன்றாக இருக்கிறோம். மலைமேல் நீயும் வாத்தியாரும் சுகமாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் மீனா மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள். மறுநாளிலிருந்து அவளே வந்து என் முன்னால் உட்கார்ந்து, "பெரிம்மா, ரெட்ட ஜடை போடு" என்று அதிகாரம் பண்ணுகிறாள். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிற வழியில் உன் மாமா அவளைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். கேரியரில் உட்கார்ந்து ஊரையே விலைபேசிக்கொண்டு போகிறாள், வாயாடி. உன்னைப்போல் இல்லை, என்னைப்போல்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று நீ இங்கே தங்கினாய் அல்லவா? உன்னிடம் முருங்கைக்கீரையைக் கொடுத்து ஆயச் சொல்லிவிட்டுப் போனேன். குளித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, உலை வைத்துவிட்டு வந்து பார்த்தால் அதே கொத்து உன் கையில் இருக்கிறது. ஒரு இலை உருவவில்லை. பஸ் ஏறும்போது மீனா உன் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினாள். யாரோ வீட்டுக் குழந்தை அழுவதைப்போல நீ பார்த்துக்கொண்டு நின்றாய். கோபித்துக்கொள்ளாதே, அவளைப் பிரித்து எடுத்துத் தூக்கிக்கொண்டது நான்தான். பிள்ளையை நீ வைத்துக்கொள் அக்கா என்று நீ சொன்னபோது படிப்புக்காகச் சொல்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

உனக்கு என்னடி? வாத்தியாரோடு சண்டையா? மாமியார் ஏதாவது சொன்னாரா? போனில் கேட்கலாம் என்றால் பள்ளிக்கூட போன் பக்கத்தில் தலைமையாசிரியர் இருப்பார். இங்கே பூத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். நம் தெரு கொளஞ்சியப்பன் மலை வண்டியில் கண்டக்டராக இருப்பது நல்லதாய்ப் போயிற்று. அவன் ராத்திரி வண்டியோடு மலையில் தங்கிவிட்டுக் காலையில் இறங்குகிறான். எழுதி அவனிடம் கொடு. தபால்காரரைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

உன் அக்கா,
அமிர்தம்


பள்ளிக் குடியிருப்பு
வெள்ளிமலை அருகே
20.6.2004

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மீனா அழாமல் பள்ளிக்கூடம் போவது நல்லது.

சண்டை எதுவும் இல்லை. அவர் குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. உனக்கே தெரியும். இப்போதெல்லாம் அவரே சோறு வடிக்கிறார். சொல்வதற்கு ஒரு காரணம் இருந்தால் எனக்கே நன்றாக இருந்திருக்கும். இன்ன குறை என்று கையைக் காட்டலாம். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை.

காலையில் விழித்தால் நனைந்த சாக்கை மேலே போட்டு அமுக்கிய மாதிரி இருக்கிறது. எழுந்திருக்கவேண்டும் என்று தெரிகிறது. எழ முடியவில்லை. பள்ளிக்கூட மணி அடிக்கிறது. பிறகு சாப்பாட்டு மணி அடிக்கிறது. அவ்வளவுதான் ஒரு நாள்.

விடுதியில் சமைக்கிற செல்லியம்மாள் இந்த மலையைச் சேர்ந்தவள். கிண்ணத்தில் சாமைச்சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு நான் சாப்பிடும்வரை எதிரே நிற்கிறாள். "உங்களுக்குக் காத்து பட்டுருக்குதும்மா" என்றாள். மாமியார் சின்னசேலத்திலிருந்து வந்து மந்திரித்த கயிறு கட்டிவிட்டுப் போனார். கட்டிக்கொண்டேன். யார் எதைக் கட்டினாலும் கையை நீட்டுகிறேன்.

மீனாவைக் கேட்டதாகச் சொல். கேட்கவேண்டும் என்று தெரிகிறது.

பாப்பாத்தி


கச்சிராயபாளையம்
9.7.2004

என் பாப்பாத்திக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் நின்று அழுதேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நான் யோசித்தால் ஏதாவது கோணலாகத்தான் செய்வேன் என்று உனக்குத் தெரியும். செய்துவிட்டேன்.

நம் தெரு ஜெயம்மாள் என்னைச் சோளக்காட்டு ஓரம் கூட்டிப்போய்ச் சொன்னாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு வியாழக்கிழமை மனசு டாக்டர் வருகிறாராம். அவள் மகன் பிச்சைமுத்து தனியாகப் பேசிக்கொண்டு திரிந்தானே, இப்போது ஒழுங்காக வேலைக்குப் போகிறான். இதை யாரிடமும் சொல்லாதே என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

உன்னைக் கூட்டிப்போகலாம் என்று முதலில் கொளஞ்சியப்பன் மூலம் வாத்தியாரைக் கேட்கச் சொன்னேன். அவர் சொன்னதை அவன் அப்படியே வந்து சொன்னான்: "வாத்தியார் பொண்டாட்டிக்குப் பைத்தியம்னு நாளைக்குப் பசங்களே பேசுவானுங்க. கொஞ்ச நாள் போனா சரியாயிடும்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க." அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவு.

சரி என்று நானே போனேன். சீட்டு எழுதுகிற இடத்தில், தங்கச்சிக்கு மாத்திரை வேண்டும் என்றேன். "ஆளு இல்லாம மாத்திர குடுக்க மாட்டாங்கம்மா. யாருக்கோ அவங்க வரணும்" என்றார் அவர். எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா? "எனக்குத்தான்யா" என்றேன். "இப்பதான் தங்கச்சின்னீங்க?" "வெக்கமா இருந்துச்சி, அதான்" என்றேன். அவர் அமிர்தம் என்று எழுதிச் சீட்டைக் கொடுத்துவிட்டார்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். செல்விக்கு அக்கா மாதிரி இருக்கிறார். உட்காருங்கம்மா என்று சொல்லிவிட்டு நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். எந்த ஆஸ்பத்திரியிலும் எனக்கு அப்படி நடந்ததில்லை. கீரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். மகள் அழுதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றேன். ஈரச் சாக்கையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

இன்னொன்றும் கேட்டார். அதற்கு நீ சொல்லவேண்டியது ஒன்றுமில்லை, நானே பதில் சொல்லிவிட்டேன். அதை விடு.

மாத்திரைகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி சாப்பிட்டபின் ஒன்று. உடனே குணம் தெரியாதாம், வாரக்கணக்கில் ஆகுமாம், விடாமல் சாப்பிடவேண்டுமாம். கவரில் என் பெயர் இருக்கிறதே என்று பார்க்காதே. அடுத்த மாதம் டாக்டரம்மா கேட்பார்: தூக்கம் எப்படி, காலையில் கஷ்டமா சாயங்காலம் கஷ்டமா, முன்பு பிடித்த எதாவது இப்போதும் பிடிக்கிறதா. இதற்கெல்லாம் எழுது. நீ எழுதுவதை நான் அங்கே ஒப்பிக்கவேண்டும். எட்டாம் வகுப்பில் செய்யுளே ஒப்பிக்காதவள் நான், என் நிலைமையைப் பார்.

உன் அக்கா,
அமிர்தம்


பள்ளிக் குடியிருப்பு
1.8.2004

அக்காவுக்கு,

மாத்திரை வந்தது. நீ இவ்வளவு செய்திருக்க வேண்டாம்.

தூக்கம் வருகிறது, ஆனால் விடிவதற்கு முன்பே போய்விடுகிறது. அதற்குப் பிறகு கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். காலைதான் கஷ்டம். சாயங்காலம் ஆகிவிட்டால் ஒரு நாள் முடிந்தது என்று இருக்கும்.

பிடித்தது என்ன என்று கேட்டிருக்கிறாய். யோசித்துப் பார்த்தேன். முன்பு ரேடியோ கேட்பேன். இங்கே கடுக்காய் மரங்களுக்கு நடுவில் பனி இறங்குவதை வாசலில் நின்று பார்ப்பேன். இப்போதும் இறங்குகிறது. பனி என்று தெரிகிறது. அதற்குமேல் எதுவும் இல்லை.

மாத்திரை சாப்பிட்டால் வாய் உலர்கிறது. டாக்டரிடம் சொல்.

மீனா எழுதிய அ, ஆ வந்தது. ஆ சரியாக இருக்கிறது.

பாப்பாத்தி


கச்சிராயபாளையம்
13.8.2004

என் பாப்பாத்திக்கு,

நேற்று போய்விட்டு வந்தேன். பஸ்ஸில் உன் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மகன் வெளிநாட்டிலா என்று கேட்டார். ஆமாம், சிங்கப்பூர் என்று சொல்லிவிட்டேன்.

ஓடுகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைச் சொன்னேன். பனியைச் சொன்னேன். கச்சிராயபாளையத்தில் ஏதம்மா பனி என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயம். கேட்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, "இத்தனை நாளா இதை யார்கிட்டயும் சொல்லலையா?" என்றார். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, பாப்பாத்தி. உனக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா, தெரியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது, என்னை உட்காரவைத்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. உன் மாமா நல்லவர்தான். ஆனால் அவருக்கு என்னிடம் கேட்கத் தெரிந்தது ஒரே கேள்வி, குழம்பு என்ன என்பது.

வாய் உலர்வதற்குத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். நாளடைவில் சரியாகுமாம். அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டார். மறுபடியும் நானே சொல்லிவிட்டேன்.

ஒரு நல்ல சேதி. செல்விக்குச் சின்னசேலத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் டிராக்டர் வைத்து ஓட்டுகிறான். நிலம் இருக்கிறது, கெட்ட பழக்கம் இல்லை. செல்வி வாயைத் திறக்கவில்லை, ஆனால் போட்டோவை எங்கே வைத்தோம் என்று மூன்று தடவை தேடினாள். நீ வந்து முன்னால் நிற்கவேண்டும். சித்தி இல்லாமல் பரிசம் போட மாட்டேன்.

மாத்திரையை மறக்காதே.

உன் அக்கா,
அமிர்தம்


பள்ளிக் குடியிருப்பு
26.9.2004

அக்காவுக்கு,

செல்விக்கு இடம் வந்தது நல்லது.

கொளஞ்சியப்பன் அண்ணனிடம் ஒரு பை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். என் கல்யாணப் பட்டுப்புடவை இருக்கிறது. அரக்கு நிறம் செல்விக்கு எடுப்பாக இருக்கும். அடியில் ஒரு துணியில் என் தோடும் ஜிமிக்கியும் முடிந்து வைத்திருக்கிறேன். அது மீனாவுக்கு. பெரியவளானதும் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு இங்கே உபயோகமில்லை.

இந்த வாரம் கொஞ்சம் எழுந்து நடமாடினேன். வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தேன். அவருக்கு ரசம் வைக்கவும் சாம்பார்ப்பொடி எவ்வளவு போடவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தரம் வைத்துப் பார்த்தார். இப்போது நன்றாக வருகிறது.

மனதில் முன்புபோல் பாரம் இல்லை. அமைதியாக இருக்கிறது. டாக்டரிடம் சொல்.

மீனாவை நீ நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய். அவளுக்கு உன்னிடம் குறை இருக்காது.

பாப்பாத்தி


கச்சிராயபாளையம்
17.10.2004

என் தங்கமே, பாப்பாத்தி,

உன் கடிதத்தைப் படித்ததும் மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டை ஒழித்தேன், ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, இதற்காகத்தானே நான் பொய் சொல்லிக்கொண்டு அலைகிறேன்! புடவையைச் செல்வி மேலே போட்டுப் பார்த்தாள். அப்படியே உன்னைக் கல்யாணப் பெண்ணாகப் பார்த்தமாதிரி இருந்தது. ஆனாலும் கல்யாணப் புடவையை யாராவது கொடுப்பார்களாடி? உனக்கு மனசு பெரிசுதான், அதற்காக இப்படியா? ஜிமிக்கியை மீனா கண்ணாடியின் முன் காதில் வைத்துக்கொண்டு ஆட்டிப் பார்த்தாள். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் ஆஸ்பத்திரியில் கூட்டம் ஜாஸ்தி. டாக்டரம்மாவிடம் நிறையப் பேச முடியவில்லை. பரவாயில்லை என்றேன், அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பாரம் குறைந்த கதையை அடுத்த மாதம் விரிவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சொல்லக்கூடாது என்று நினைத்தேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். சின்னசேலத்து இடம் பேச்சுமூச்சு இல்லாமல் போய்விட்டது. மாப்பிள்ளையின் அத்தை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் பல் பிடுங்க வந்திருக்கிறார். நான் எந்த வரிசையில் நின்றேன் என்று பார்த்துவிட்டார். பெண்ணின் தாய்க்கு மூளைக்கோளாறு என்று அங்கே பேச்சாம். உன் மாமா என்னைப் பார்த்து, "இன்னாடி இது, நீ எதுக்கு அங்கப் போன?" என்றார். தலைவலிக்கு என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. செல்வி ஒரு நாள் சாப்பிடவில்லை.

நீ இதை மனதில் வைத்துக்கொள்ளாதே. உலகத்தில் ஒரே ஒரு டிராக்டர்தானா இருக்கிறது? நீ தேறி வருகிறாயே, எனக்கு அது போதும். தீபாவளிக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள்.

உன் அக்கா,
அமிர்தம்


பள்ளிக் குடியிருப்பு
31.10.2004

அக்காவுக்கு,

செல்வியின் சேதியைப் படித்தேன். எனக்கு வருத்தம் வரவேண்டும். வரவில்லை. அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எழுத்துத்தான் தெரிந்தது.

என்னால்தான் இது என்று மட்டும் தெரிகிறது. இனிமேல் நீ அங்கே போகவேண்டாம். என்னால் யாருக்கும் எதுவும் ஆகவேண்டாம். கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும், செல்விக்கு வேறு நல்ல இடம் வரும்.

தீபாவளிக்கு வரவில்லை. மீனாவுக்கு மஞ்சள் நிறத்தில் பாவாடை எடு. அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

நீ எனக்குச் செய்த எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டேன்.

பாப்பாத்தி


கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி
18.11.2004, மதியம்

பாப்பாத்தி,

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதம் மடியில் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தீபாவளி வந்ததால் டாக்டரம்மா இன்றுதான் வந்தார். போகவேண்டாம் என்று நீ எழுதினாய், ஆனாலும் வந்தேன். நல்ல சேதி சொல்லப் போகிறோம் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். "இப்ப நல்லா இருக்கங்க. வூட்ட ஒழிச்சிச் சுத்தம் பண்ணேன். கல்யாணப் பொடவய பொண்ணுக்குக் குடுத்துட்டேன். தோடு ஜிமிக்கிய மகளுக்கு முடிஞ்சி வச்சிட்டேன். வூட்டுக்காரருக்கு ரசம் வைக்கக்கூடக் கத்துக் குடுத்துட்டேன். மனசுல பாரமே இல்லிங்க, அமைதியா இருக்குது" என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் முகத்தையே பார்த்தார். மெதுவாகக் கேட்டார். "எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துட்டு எங்கம்மா போறதா இருக்கீங்க?"



எனக்கில்லைங்க, என் தங்கச்சிக்கு என்று அவர் மேஜைமேல் தலையை வைத்து அழுதேன். முதல் நாள் சீட்டு எழுதிய இடத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. ஆனால் முகம் வெளுத்துப்போயிற்று. "ஒவ்வொரு மாசமும் நான் கேட்டேனே, செத்துப்போயிடலாம்னு தோணுதான்னு. இல்லைன்னு சொன்னீங்களே, அது யார் சொன்ன பதில்?" என்றார்.

அதுதான் பாப்பாத்தி, நான் உனக்கு எழுதாமல் விட்ட கேள்வி. தூக்கத்தைக் கேட்டேன், காலையா சாயங்காலமா என்று கேட்டேன், பிடித்தது எது என்றுகூடக் கேட்டேன். இதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் "சீச்சீ, அப்பிடியெல்லாம் இல்லிங்க" என்று நானே சொன்னேன். கேட்டால் உனக்கு இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று பயந்தேன். டாக்டரம்மா சொல்கிறார், கேட்பதால் யாருக்கும் அந்த நினைப்பு புதிதாக வராதாம். இருக்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்குமாம். போய் நேராகக் கேளுங்கள் என்றார்.

அதனால் கேட்கிறேன். பாப்பாத்தி, செத்துப்போய்விடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா?

இப்போதே மலை வண்டியில் ஏறி வந்துவிடலாம். ஆனால் என்னைப் பற்றி எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்தால் சோறு போடுவேன், திட்டுவேன், தலைக்கு எண்ணெய் வைப்பேன், இதை மட்டும் கேட்க மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். கொளஞ்சியப்பனிடம் நேரே உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாத்தியாருக்கும் தனியாக ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன். இன்று ராத்திரி அவர் உன்னைவிட்டு நகரக்கூடாது என்றும், மாத்திரை எல்லாவற்றையும் அவர் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

என்ன பதிலாக இருந்தாலும் எழுது. நான் கோபப்பட மாட்டேன். அழுவேன், அது வேறு. காலையில் கொளஞ்சியப்பன் வண்டி இறங்கும்போது பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். பதிலை வாங்கிக்கொண்டு அதே வண்டியில் ஏறி உன்னிடம் வருவேன். டாக்டரம்மா உனக்காக நாளை மதியம்வரை கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வண்டி புறப்படப் போகிறது.

அக்கா


பள்ளிக் குடியிருப்பு
19.11.2004, விடியற்காலை

அக்கா,

ஆமாம்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வாசலில் பனி இருக்கிறது. செல்லியம்மாள் விடுதியில் அடுப்புப் பற்றவைக்கிறாள்.

சாப்பிட்டாயா, தூங்கினாயா, என்ன குறை என்று எல்லோரும் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. நீ கேட்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். தீபாவளி முடியட்டும், பிள்ளைகளுக்குப் பண்டிகை கெடவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

கொளஞ்சியப்பன் அண்ணனிடம் ஒரு பவுடர் டப்பா கொடுத்து அனுப்புகிறேன். திறந்து பார்த்துப் பயப்படாதே. முதல் மாதம் கொஞ்ச நாள்தான் மாத்திரை சாப்பிட்டேன். மற்றதையெல்லாம் இதில் போட்டுவைத்தேன். எதற்கு என்று உனக்குப் புரியும். நீ பொய் சொல்லி வாங்கிவந்ததை நான் அதற்கு வைத்திருந்தேன். எனக்கு இப்போது வெட்கம் வரவேண்டும். அதுவும் வரவில்லை. ஆனால் டப்பாவை வீட்டைவிட்டு அனுப்பிவிடவேண்டும் என்று மட்டும் தோன்றியது. நானே எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்து, அண்ணனிடம் சேர்க்கச் சொன்னேன்.

உன் சீட்டை அவர் நின்றபடியே இரண்டு தரம் படித்தார். ரசம் சொல்லிக்கொடுத்தது எதற்கு என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது போலிருக்கிறது. "எனக்குத் தெரியாமப் போச்சே பாப்பாத்தி, நீ தேறிட்டேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருந்தனே" என்றார். ராத்திரி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிடித்திருக்கிறார் என்று தெரிந்தது. கொஞ்சம் சூடாக இருந்தது.

நீ ஏறி வராதே. நாங்கள் இறங்கி வருகிறோம். அவர் பள்ளிக்கூடச் சாவியை ஒப்படைத்துவிட்டு அடுத்த வண்டிக்கு வந்துவிடலாம் என்கிறார். யார் என்ன பேசினாலும் பேசட்டும் என்றும் சொன்னார். இந்தக் கடிதத்தை முன்னால் அனுப்புவது, நேரில் பார்த்தால் "ஒண்ணும் இல்லக்கா" என்றுதான் என் வாயில் வரும் என்பதால். நீ கேட்க மாட்டாய், நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் சோறு தின்றுவிட்டு எழுந்துவிடுவோம்.

பஸ் ஸ்டாண்டிலேயே நில். சீட்டு எழுதுகிறவரிடம் இந்த முறை என் பெயரைச் சொல். டாக்டர் கேட்பதற்கு நானே பதில் சொல்கிறேன். சொல்ல வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் காட்டு. மீனாவைக் கூட்டிவராதே. பள்ளிக்கூடம் போகட்டும்.

எனக்கு ஒன்றும் சரியாகிவிடவில்லை அக்கா. நீ சந்தோஷப்பட்டுச் சூடம் ஏற்றிவிடாதே. எழுந்து புடவை மாற்றவேண்டும், அதற்கே மலைப்பாக இருக்கிறது. ஆனாலும் மாற்றுகிறேன்.

அந்தப் பட்டுப்புடவையைச் செல்விக்குக் கொடுக்காதே. எனக்கு அது வேண்டும் என்று ஆசை எதுவும் இல்லை. அவள் கல்யாணத்துக்கு நான் அதைக் கட்டிக்கொண்டு வருவேனா என்றும் தெரியாது. இருந்தாலும் என்னுடையது என்று சொல்லி எடுத்து வை.

பாப்பாத்தி